மாதாவின் கன்னம்

மாதாவின் வலது கன்னம் அம்மாவின் துண்டோடு வந்துவிட்டது.

முழுக் கன்னமும் இல்லை. மேலே பூசியிருந்த வெளிர் ரோஜா நிறப் பெயின்ட் மட்டும் அப்பளம் போலச் சுருண்டு, துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா பண்ண?" என்றாள் ஜெனிதா. பள்ளிக்கூடப் பையைக்கூட அவள் இன்னும் இறக்கவில்லை.

அம்மா முத்தம்மா துண்டைப் பார்த்தாள், மாதாவைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். பட்டினப்பாக்கத்தில் கடலை ஒட்டிய அந்தத் தெருவில், இந்த மாதம் முழுக்க ஒரு சின்ன மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். சாயங்காலம் தெருவே கூடிவிடும். அந்த வீட்டுப் பெண் சுரூபத்தை ஏந்தி, எல்லோருக்கும் முன்னால் நடந்து, அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். இன்று முத்தம்மாவின் முறை.

"சொல்லும்மா!"

"மெழுகுவத்திப் பொகையில மாதா மொகம் கருத்துப் போயிருந்துச்சு. மிச்சம் இருந்த க்ரீமப் போட்டுத் தொடச்சேன்."

"இன்னா க்ரீம்? எதுல மிச்சம்?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெனிதா அதை இழுத்துப் பார்த்தாள். அம்மாவின் கன்னங்கள் திட்டுத் திட்டாகச் சிவந்து கன்றியிருந்தன.

"டி.நகர்ல வாங்கினேன். உடனே மொகம் வெளுக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"அம்மா!"

"பின்னே இன்னாடி? வெயில்ல குந்திக்கினு மீன் வித்து, மூஞ்சி தீஞ்சு போய் கீது. இதோட எப்படி முன்னாடி நடக்கறது? இன்னிக்கு ஒரு நாளாவது பாக்கறா மாதிரி இருக்கலாம்னு நெனச்சேன்." அம்மா அழத் தொடங்கினாள். "இப்போ என் கை பட்டு மாதா மொகமே போச்சு. நான் வரல. நீயே தூக்கிக்கினு போ."

ஜெனிதாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. க்ரீம் விற்றவள்மேல், வாங்கிய அம்மாமேல், உரிந்துபோன பெயின்ட்மேல். இருட்டுவதற்குள் தெருவே வாசலில் வந்து நிற்கும். இவளோ அழுதுகொண்டிருக்கிறாள்!

கோபம் வந்தால் ஜெனிதா எதையாவது உற்றுப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க, அது எப்படிச் செய்யப்பட்டது என்ற யோசனை வந்து கோபத்தை ஓரம் தள்ளிவிடும். இப்போது மாதாவின் கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இங்க பாரு. இது ஒரு பெயின்ட் இல்ல. வெங்காயம் மாதிரி கீது."

உண்மைதான். உரிந்த இடத்தின் ஓரத்தில் மூன்று அடுக்குகள் தெரிந்தன. மேலே வெளிர் ரோஜா. அதற்குக் கீழே கோதுமை நிறம். எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல பழுப்பு.

"ஒவ்வொரு தடவையும் பெயின்ட் அடிச்சவங்க கொஞ்சம் கொஞ்சமா வெளுப்பாக்கிக்கினே வந்திருக்காங்க," என்றாள் ஜெனிதா. "கடல் காத்துல ஈரமும் உப்பும் உள்ள பூந்திருக்கு. மேல இருக்கறது பிடிப்பு விட்டுப் போச்சு. நீ தொடச்சதும் கையோட வந்துடுச்சு."

சொல்லிக்கொண்டே நெற்றியில் இருந்த பெயின்ட்டையும் நகத்தால் நெம்பினாள்.

"அடியே! இன்னாடி பண்ற? இருக்கறதையும் உரிக்கிற!" அம்மா பாய்ந்து வந்தாள்.

"படகுக்குப் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அப்பா பழசைச் சுரண்டறார்ல? எதுக்கு? பிடிப்பில்லாத பெயின்ட்மேல அடிச்சா புதுசும் சேர்ந்து உரியும். கையை எடும்மா!"

மாதாவின் முகத்திலிருந்து பெயின்ட் செதில் செதிலாக விழுந்தது. அடியில் இன்னொரு முகம் இருந்தது. அதற்குத் தனியாகக் கண்களும் இருந்தன, சற்றுப் பெரிய கண்கள். ஆனால் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் பழுப்பு அடுக்கும் பெயர்ந்து, வெள்ளைச் சுண்ணாம்பு பல்லைக் காட்டியது.

"போச்சு," என்றாள் அம்மா. "மாதா கறுப்பாவும் ஆயிட்டாங்க, மூக்கும் போச்சு."

ஜெனிதா பொறுமை இழந்தாள். "ஏம்மா, அவங்க இன்னா ஏசி ரூம்லயா இருந்தாங்க? வெயில்ல கிணத்துக்குப் போனாங்க, தண்ணி தூக்கினாங்க, அடுப்பு ஊதினாங்க. வெளுப்பான பொண்ணுதான் வேணும்னா, ஏசு பொறக்கற சேதி சொல்ல வந்த தேவதூதர் வேற வீட்டுக்குப் போயிருப்பாரு!"

அம்மா கீழே விழுந்த செதில்களைத் துண்டில் பொறுக்கினாள்.

பெயர்ந்த இடங்களில் மட்டும் பூச, ஓவிய வகுப்புக்கு வாங்கிய வண்ணக் குப்பிகளை ஜெனிதா தட்டில் கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளும் கலந்து, அதில் ஒரு சொட்டு நீலம் விட்டால் பழுப்பு வரும். வந்தது. ஆனால் தக்காளி ரசம் மாதிரி வந்தது. நீலம் சேர்த்தாள், சேற்று நிறம். மஞ்சள் சேர்த்தாள், குழந்தைகளுக்கு ஊற்றும் மருந்து நிறம்.

"இந்தப் பெயின்ட் காய்ஞ்சா இன்னும் கருக்கும். மாதா மேல பூசிப் பாத்துக்கினே இருக்க முடியாது. கையை நீட்டு."

"என் கை எதுக்குடி?"

"நீட்டும்மா!"

அம்மா கையை நீட்டினாள். ஜெனிதா அதை மாதாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம்.

அம்மா தன் கையையும் மாதாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

ஜெனிதா அந்த மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தாள், ஊதினாள், காயவிட்டாள். சிவப்பு அதிகம். இன்னொரு பொட்டு. கறுப்பு அதிகம். இன்னொன்று. மஞ்சள் அதிகம். அம்மாவின் கை முழுக்கப் பொட்டுகள்.

"சே! ஆண்டவர் எப்படித்தான் இதைக் கலந்தாரோ! எனக்கு வரவே மாட்டேங்குது!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு, தோள் குலுங்கச் சிரித்தாள். "நெஜமாவே அவ்ளோ கஷ்டமாடி?"

"பின்னே? சும்மா கறுப்புன்னு சொல்லிடறோம். இதுக்குள்ள எவ்ளோ கலர் கீது தெரியுமா? ஆடாதே!"

இன்னும் ஒரு துளி சிவப்பு. இன்னும் ஒரு பொட்டு. ஊதினாள்.

"எங்கடி வெச்ச?" என்றாள் அம்மா.

ஜெனிதாவும் தேடினாள். பொட்டைக் காணவில்லை.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

மாதாவின் கன்னத்தில் அம்மாவே பூசினாள். மூக்கை ஜெனிதா முடித்தபோது வாசலில் ஜெபமாலைச் சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு முன்னால் சகாயமேரி நின்றாள். தெருவில் ஜெபம் நடத்துவது அவள்தான். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இன்னாடி முத்தம்மா, மாதா நம்ம குப்பத்துப் பொண்ணு மாதிரி கீறாங்க?"

அம்மா முந்தானையைத் தேடவில்லை.

"மேல அடிச்ச பெயின்ட் உரிஞ்சிடுச்சு பெரிம்மா. உள்ள இப்படித்தான் இருந்தாங்க."

சகாயமேரி கிட்டே வந்து மாதாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த வெளுக்கற க்ரீமா? நானும் போட்டேன்டி. நாலு நாளா ஒரே அரிப்பு. தேங்கா எண்ணெய் தடவு." பின்பு நிமிர்ந்து உரக்கச் சொன்னாள்: "இன்னா எல்லாரும் பாத்துக்கினு நிக்கறீங்க? மாதாவுக்கு வழி விடுங்க!"

அம்மா சுரூபத்தை மார்போடு சேர்த்துத் தூக்கினாள். படியிறங்கி, கூட்டத்தைத் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். அதுவும் மீன் ஏலத்துக்குப் போகிற வேகத்தில். ஜெனிதா பின்னாலேயே ஓடினாள்.

"அம்மா! மெதுவாப் போம்மா! மூக்கு இன்னும் காயல!"

அம்மா திரும்பியே பார்க்கவில்லை.