இரும்பு ஆறுகிற சத்தம்

மோட்டார் அறைக் கதவு சுட்டது.

வெயிலே எட்டிப் பார்க்காத மூலை அது. அப்படியிருந்தும் கதவு விளிம்பில் ஓடிய பழைய வெல்டிங் தழும்பில் விரல் பட்டதும் வெல்டர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தத் தழும்பு அவரே போட்டது. போட்டு எத்தனையோ வருடமாகி, மேலே துருவும் பாசியும் ஏறிக் கிடந்தது.

"என்னங்க, கையை இப்படி உதறுறீங்க?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர், துரு குத்திடுச்சு."

பாழாய்க் கிடந்த பூங்காவை மீட்டே தீருவது என்று தெருவையே கிளப்பிவிட்டவர் இந்த டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், வீட்டுக்கு ஒருவராவது மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றார்கள். குப்பை லாரி லாரியாகப் போயிற்று, ஊஞ்சலுக்கு மஞ்சள் பெயின்ட் ஏறிற்று. இனி வேண்டியது செடிகளுக்குத் தண்ணீர். தண்ணீர் இறைக்கிற மோட்டாரோ இந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"நீங்க மூடினது, நீங்களே திறந்துடுங்க," என்று டீச்சர் சிரித்தார்.

"எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. தீப்பொறி பறக்கும். நான் தனியா பாத்துக்கறேன்."

"இப்படி மனுஷங்க தெருவுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்," என்று தையற்கடைக்காரர் மெச்சிவிட்டுப் போனார். வெல்டருக்கு அந்த நல்ல வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உள்ளே இருப்பதை வேறு யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்த வேண்டும்; அவர் தனியாக நிற்பது அதற்குத்தான்.

பல வருடத்துக்கு முன், மோட்டாரை யாரோ திருடப் பார்த்தார்கள் என்று அறையை அடைக்கச் சொன்னார்கள். பூங்காக் காவல்காரர், எல்லாரும் தொப்பிக்காரர் என்று கூப்பிடுகிறவர், பகலில் அதற்குள்தான் தூங்குவார் என்பது வெல்டருக்கும் தெரியும். வீடு வாசல் இல்லாத மனிதர், தூக்கத்தில்கூடத் தலையில் தொப்பி இருக்கும். கதவைச் சாத்துமுன் ஒரு எட்டு உள்ளே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பட்டறையில் வேறு வேலை காத்திருந்தது, அவ்வளவுதான். கடைசி வெல்டிங் ராடு எரிந்து முடிந்து, சாமான்களை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில், உள்ளேயிருந்து டொக், டொக், டொக்.

அந்தப் பக்கமாக வந்த டீச்சர்தான் கேட்டார். "என்ன சத்தம் அது?"

"இரும்பு ஆறுது டீச்சர். ஆறும்போது அப்படித்தான் சத்தம் கேக்கும்."

வாய் கூசவே இல்லை. முழுப் பொய்யும் இல்லை. சுட்ட இரும்பு ஆறும்போது சத்தம் போடத்தான் செய்யும். ஆனால் இப்படி நிறுத்தி நிறுத்தித் தட்டாது. மறுபடி வெட்டித் திறந்தால் ஊரே சிரிக்குமே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர், மறுநாள் திருட்டுத்தனமாக வந்து கதவில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாதான் இன்றுவரை அவரைத் தூங்கவிடவில்லை.

பிறகு நாற்றம் வந்தது. "எலி செத்திருக்கும்," என்றார். தொப்பிக்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, "ஆமாமா," என்று இவரும் தலையாட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்கள் மெல்ல வராமலே போனார்கள். ஆளில்லாத இடத்தில் குப்பை சேர்ந்தது. பூங்கா பாழானதே வெல்டரால்தான்.

இரும்பு அறுக்கும் கிரைண்டரை முடுக்கினார். தழும்பு அறுபட்டு, பொறி சிதறி, எரிந்த ராடின் நெடி மூக்கில் ஏறியது, அன்றைக்குப் போலவே. கிரைண்டரை நிறுத்தினார்.

டொக்.

"இரும்புதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கதவு திறந்தது. எலும்பு இல்லை. துணி இல்லை. சிலந்தி வலைகூட இல்லை. மோட்டார் மட்டும். அதன் மேல் ஒரு தொப்பி. தூசியே படியாத தொப்பி.

தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. சாப்பிடப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். ஐயோ, இதைப் பார்த்தால் டீச்சருக்குப் புரிந்துவிடுமே! சட்டைக்குள் ஒளித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்து தொப்பியை எடுத்தார்.

உள்பக்கம் வியர்வையில் ஈரமாக இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. பிறகு கதவின் அடியில் ஒரு நீல வெளிச்சம். கண்ணைப் பறித்தது. மெல்ல மேலே ஏறியது. சீரான, கை பழகிய வேலை. விளிம்பு முழுக்கச் சுற்றி வந்து அணைந்தது.

கத்தினார். தொண்டையைப் புகை அடைத்தது. கையால் தட்டினார்.

டொக், டொக், டொக்.

"என்ன சத்தம் அது?" வெளியே டீச்சர்.

"இரும்பு ஆறுது டீச்சர்." அது வெல்டரின் குரலேதான். "ஆறும்போது அப்படித்தான் சத்தம் கேக்கும்."

காலடிகள் விலகிப் போயின.

இருட்டில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அவர் கையிலிருந்த தொப்பியை மெதுவாக வாங்கிக்கொண்டது.