நான்காவது அழைப்பு

“அந்த ஒன்பது பேரோட ஃபைலையும் எடுத்துக் குடுங்க, அக்கா.”

எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரமிளாவுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆய்வுப் பிரிவின் மூத்த தாதி ஆசியா பீவி நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, இருபத்தாறு வருட அலுப்புத்தான் இருந்தது.

“எதுக்குமா? மூணு தடவ கூப்பிட்டாச்சு, யாரும் எடுக்கல. முடிஞ்சது லா.”

அதுதான் அங்கே வழக்கம். புதுமுறையில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் முப்பதாம் நாள் ஃபோனில் கூப்பிட்டு, வலி எப்படி, காயம் ஆறியதா, சோறு இறங்குகிறதா என்று படிவத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். மூன்று முறை எடுக்காவிட்டால் ‘தொடர்பு அறுந்தது’ என்று குறித்து ஆய்விலிருந்து தள்ளிவிட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் அப்படிப் போனார்கள். மற்றவர்களில் இறப்பு பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைத் தட்டச்சு செய்தவளே பிரமிளாதான். புக்கிட் மெர்தாஜாம் ஊர்த் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி, வீட்டுக்கு முதல் பட்டதாரியாகத் தன்னை ஆக்கிய அம்மா ருக்குமணியை, அதைக் காட்டித்தான் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவைத்திருந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்கு அதே அறுவை. ஆய்வை நடத்தும் அதே டாக்டர்.

“இன்னிக்கி காலையில நாலாவது தடவ கூப்பிட்டுப் பார்த்தேன்,” என்றாள். “தங்கராஜுன்னு ஒருத்தர் எடுத்தாரு. இன்னும் வலிக்குதுன்னாரு.”

ஆசியா பீவியின் பேனா நின்றது. கழுத்தில் தொங்கிய பட்டையிலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, உணவுப் பையை எடுக்காமலே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிற்பகல் மழை கார் நிறுத்தத்தின் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏர்கோன் விட்டுவிட்டு முனகியது. அலமாரியைத் திறந்ததும் அயோடின் வாடையும், அதற்கு அடியில் ஈரத்துணியை நாள்கணக்காக மூடிவைத்தது போன்ற இன்னொரு வாடையும் எழுந்து வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு கோப்பிலும் கடைசித் தாள் ஒன்றேதான். பிணவறைச் சீட்டு. அறுவைக்குப் பின் நான்காம் நாள். பதினோராம் நாள். தையல் விட்டு, குடல் கசிந்து, இதே கட்டடத்தில் செத்திருந்தார்கள். அப்புறமும் முப்பதாம் நாள் அவரவர் கைபேசிக்கே மூன்று முறை அடித்து, எடுக்கவில்லை என்று மணி நிமிடத்தோடு எழுதிவைத்திருந்தார்கள். விதியை எங்கேயும் மீறவில்லை.

தங்கராஜு, வயது அறுபத்தொன்று. ஆறாம் நாள்.

காலையில் பேசியது மகனாக இருக்கும். இருக்க வேண்டும். அவள் மறுபடி அந்த எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“சொல்லுங்க மிஸ்ஸி.” அதே குரல். வயதான, களைத்த குரல்.

“காயம்… ஆறிடுச்சா?” பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

“மூடவே இல்லமா. துணி வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கேன்.”

படிவத்தின் கடைசி வரியும் தானாகவே வந்தது. “தொந்தரவு இருந்தா கிளினிக்குக்கு வாங்க.”

“காலையிலயே சொன்னீங்கல்ல. வந்துட்டோம்.”

வந்துட்டோம்.

ஃபோனுக்குள்ளே மழைச் சத்தம். தகரக் கூரையில் விழும் மழை. பிறகு லிஃப்டின் மணி ஒருமுறை. ஃபோனுக்குள்.

கதவுக்கு வெளியேயும்.

கால்கள் இழுபடும் ஓசை. நிறையக் கால்கள். பெஞ்சு கிரீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த வாடை மட்டும் கதவுக்கு அடியிலிருந்து வந்தது.

பிரமிளா ஃபோனை வைத்தாள். பயத்தைவிடச் சோர்வுதான் அவளை அழுத்தியது. மேல்மாடி வார்டில் அம்மா இன்னும் பச்சை அங்கிகூட மாற்றியிருக்க மாட்டாள். இப்போதே அறுவைப் பட்டியலில் பெயரை வெட்டிக் கூட்டிப்போக வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில், பழைய முறையிலேயே அறுக்கட்டும். வேலை போனால் போகட்டும். ஒன்பது கோப்புகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஒன்பது பேர். சுவரோரப் பெஞ்சில், வரிசையாக. ஒரு கையில் கிளினிக் அட்டை. மறு கை வயிற்றில். விரல்களுக்கு இடையே மஞ்சளாக ஏதோ ஊறி, முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் கோபமில்லை. இலக்கம் வரக் காத்திருப்பவர்களின் பொறுமைதான்.

தலையில் முக்காடிட்ட பெண் ஒருத்தி, பிரமிளா போக வழிவிட்டு முழங்காலை ஒதுக்கினாள்.

“டாக்டர் இருக்காராமா?”

பிரமிளா கோப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்காரு. நாலாம் மாடி, கடைசி ரூம். தட்ட வேணாம், நேரா உள்ள போங்க.”

அவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மெதுவாக. தையல் மேலும் பிரிந்துவிடாமல் குனிந்தபடி.

பிரமிளா வார்டுக்குப் போகும் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். நிற்கவில்லை. முன்னால் இருந்த கண்ணாடிக் கதவில், பின்னால் அவர்களை ஏற்றி மூடிய லிஃப்டின் சிவப்பு எண் தெரிந்தது.

இரண்டு. மூன்று.

நான்கு.