ஊதாத விசில்

அந்த விடுதி அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்று சித்திக்கும் சித்தப்பாவுக்கும். இன்னொன்று அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு. விடுதிக்காரர் ஒரு மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்து, "எக்ஸ்ட்ரா மெத்தை யாருக்குங்க?" என்று கேட்டார். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான்தான் அந்த எக்ஸ்ட்ரா.

இந்தக் கடற்கரைப் பயணத்தை அவர்கள் நான்கு பேருக்காக எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இடையில் என் தம்பி அவசரப்பட்டுவிட்டான். பிறக்க வேண்டிய நாளுக்கு முன்பே பிறந்து, ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறான். அம்மாவும் அப்பாவும் அவனைவிட்டு நகர முடியாது. அதனால் என்னைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

"கொடுத்துவச்சவ நீ. திமிங்கிலம் பார்க்கப் போற," என்றாள் அம்மா, போனில்.

"ம்," என்றேன். நான் திமிங்கிலத்தையா கேட்டேன்? அம்மாவைத்தானே கேட்டேன்.

இரட்டையரோடு சேர்ந்து விளையாடலாம் என்றால், அது நடக்கிற காரியமில்லை. ஒருவன் பாதி சொன்னால் மற்றவன் மீதியைச் சொல்வான். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "எதுக்குடா சிரிக்கிறீங்க?" என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாது," என்பார்கள். சாப்பிடும் இடத்தில் ஓர் அம்மா, "உங்களுக்கு மூணு பிள்ளைங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, ரெண்டுதான். இவ எங்க அக்கா பொண்ணு," என்றாள் சித்தி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு காட்டைக் கடந்து படகுத்துறைக்கு நடந்து போக வேண்டும். எங்களோடு இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. வழிகாட்டி அக்கா பெரிய பூட்ஸ் போட்டு, இடுப்பில் வாக்கி-டாக்கி செருகியிருந்தார்.

"எல்லாரும் ஜோடி சேர்ந்துக்கோங்க. நாலு மணிக்குப் படகு. அது யாருக்காகவும் நிக்காது," என்றார்.

சித்தியும் சித்தப்பாவும் ஒரு ஜோடி. இரட்டையர் பிறக்கும்போதே ஜோடி. எல்லோரும் சேர்ந்து முடித்ததும் நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன்.

அக்கா ஒரு விசிலை என் கழுத்தில் மாட்டினார். "நீதான் கடைசி ஆள். உனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. நான் அப்பப்ப ஊதுவேன். நீ திருப்பி ஊதினா, எல்லாம் சரின்னு நாங்க நடந்துட்டே இருப்போம்."

"ஊதலைன்னா?"

"நின்னுடுவோம். திரும்பி வந்து பார்ப்போம்."

"தனியா நடந்துடுவியா கண்ணு?" என்று சித்தி கேட்டாள்.

"நடந்துடுவேன்," என்றேன், வீராப்பாக.

காட்டுக்குள் வெயிலே இல்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ கடல் இரைந்துகொண்டிருந்தது. முன்னால் எல்லோரும் பேசிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய முதுகுகள்தான் எனக்குத் தெரிந்தன. விசில் கேட்டது. நான் திருப்பி ஊதினேன். ஊதாமல் இருந்துபார்க்கலாமா என்று ஓர் ஆசை. யாராவது என்னைத் தேடி வருவார்களா? வராவிட்டால்? அந்தப் பயத்திலேயே அடுத்த முறை இன்னும் பலமாக ஊதினேன்.

எனக்கு முன்னால் கழுத்தில் கேமராவோடு ஓர் அங்கிள் நடந்தார். நடந்தார் என்று சொல்வது அதிகம். காளானைப் பார்த்தால் நின்றார். நத்தையைப் பார்த்தால் மண்டியிட்டார். அவருடைய மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நீங்க போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்," என்று சொல்லிவிட்டு முன்னே போய்விட்டார். நான் கடைசி ஆள் ஆயிற்றே, அவர் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டார்கள்.

ஒரு பறவையைப் படம் எடுக்க அங்கிள் பாதையைவிட்டு இறங்கினார். சரக்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கணுக்கால்தான் வீங்கிக்கொண்டிருந்தது.

"எழுந்திருக்க முடியல பாப்பா. நீ போ, மெதுவா வந்துடுறேன். என்னால எல்லாரும் படகை விட்டாங்கன்னா, எங்க வீட்டம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"அக்கா," என்று கத்திப் பார்த்தேன். கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப் போய்ச் சொல்லலாம். ஆனால் இந்தப் பள்ளத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தது.

அப்போது தூரத்தில் விசில் கேட்டது. என் விசிலை வாய்வரை கொண்டுபோனேன். பிறகு இறக்கிவிட்டேன்.

"ஏன்மா, ஊது. அவங்களுக்குக் கேக்கட்டும்," என்றார் அங்கிள்.

"ஊதினா, எல்லாம் சரின்னு போயிடுவாங்க அங்கிள். ஊதாம இருந்தாதான் வருவாங்க."

"வருவாங்களா?"

"தெரியல," என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மறுபடியும் விசில் கேட்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. என்னை மறந்தேவிட்டார்கள் என்று தோன்றியது. அவர்கள் குடும்பத்தில் நான்கு பேர், அங்கே இருப்பதும் நான்கு பேர். கணக்கு சரியாகத்தானே இருக்கும். கண்ணில் தண்ணீர் முட்டியது. அங்கிள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தடதடவென்று காலடிச் சத்தம். வழிகாட்டி அக்காவையே முந்திக்கொண்டு சித்தி ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஏன்டி ஊதல? எனக்கு உயிரே போயிடுச்சு," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் பள்ளத்தைக் காட்டினேன்.

பின்னால் வந்த இரட்டையர் மூச்சு வாங்கினார்கள். "உன்னைக் கரடி—" என்றான் ஒருவன். "—தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சோம்," என்றான் மற்றவன். இருவரும் சிரிக்கவில்லை.

அக்கா வாக்கி-டாக்கியில் படகோட்டியிடம் கெஞ்சினார். "இருட்டுறதுக்குள்ள திரும்பணும், சீக்கிரம் வாங்க," என்றது அந்தப் பக்கத்துக் குரல். அக்காவும் சித்தப்பாவும் அங்கிளைத் தாங்கிக்கொண்டார்கள். கூடவே திரும்பி வந்திருந்த அவருடைய மனைவி வழி முழுவதும் திட்டிக்கொண்டே கேமராவைப் பத்திரமாகத் தூக்கி வந்தார்.

படகு எங்களுக்காக நின்றிருந்தது. கடலுக்குள் வெகுதூரம் போனதும் படகோட்டி இஞ்சினை நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று வலப்பக்கம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.

அவ்வளவுதான். படகில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். என்னைச் சுற்றி மறுபடியும் முதுகுகள். எட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். ஓர் இடுக்குகூட இல்லை. "அதோ, அதோ, எவ்வளவு பெரிசு," என்று எல்லோரும் சொன்னதுதான் காதில் விழுந்தது.

அந்த முதுகுகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம் தெரிந்தது. சித்தியின் முகம். கண் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் போனாள்.

அதற்குள் திமிங்கிலம் போய்விட்டது. தண்ணீரில் வட்டமாக, வழவழப்பாக ஓர் இடம் மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் கலைந்துகொண்டிருந்தது.

"பார்த்தியா கண்ணு?"

"இல்ல சித்தி. நீங்க?"

"நான் எங்க பார்த்தேன்? உன்னைத்தானே தேடிட்டு இருந்தேன்," என்றாள் சித்தி, சேலை நுனியால் என் முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்தபடி.

வேறு ஏதோ சாதாரண விஷயம் சொல்வதுபோல்தான் சொன்னாள். திமிங்கிலம் பார்க்க வந்த அத்தனை பேரிலும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது சித்தி மட்டும்தான்.