விடைப் பக்கங்களை அறுத்தது யார்?

புதன்கிழமை, மாலை ஆறு மணி. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் தங்கை, தர்க்கத் திறன் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினாள். விடைகளைக் காணோம். யாரோ பிளேடு வைத்துப் பக்கங்களை நறுவிசாக அறுத்தெடுத்திருந்தார்கள்.

பயிற்சி மையத்தில் அவளுக்கு இலவச இடம். மையம் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் தேர்வில் தர்க்கத்தில் முப்பதுக்கு இருபது வாங்காவிட்டால் அது போய்விடும். போன தடவை வாங்கியது பதினொன்று!

விசாரணை சூடாகத் தொடங்கியது. முதலில் அண்ணன். படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவன், கூர்மையான கத்திக்குச் சொந்தக்காரன்.

"உன் கத்திதானே?"

"அது கடையில கிடக்கு. பிளேடு எந்த வீட்டுல இல்ல? ஏன் என் தலைய உருட்டுற?"

அடுத்து, கூடப் படிக்கும் தோழி. முந்தின நாள் வீட்டுக்கு வந்தவள். அதே இலவச இடத்துக்குப் போட்டியும் அவள்தான்.

"நேத்து என் புத்தகத்த எடுத்தியா?" என்று போனில் கேட்டாள்.

"எடுத்தேன், வச்சேன். விடைதான வேணும்? என் புத்தகத்துல இருக்கு, படம் எடுத்து அனுப்பவா?"

"ஒண்ணும் வேணாம்!" ரோஷம் பொத்துக்கொண்டு வர, போனை வைத்துவிட்டாள்.

கடைசியாக அண்ணி. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவள். ஒரு பாட்டில் மூடி தொலைந்தாலும் கட்டிலையே புரட்டிப் போடும் ரகம்.

"அண்ணி, விடையைக் காணோம்."

"போனாப் போகுது விடு. கேள்வி இருக்குல்ல?" அண்ணி பாட்டுக்கு பீன்ஸ் நறுக்கினாள்.

வேறு வழியில்லாமல் தங்கை கேள்விகளோடு மல்லுக்கட்டினாள். சரிபார்க்க விடை இல்லையே! ஒன்று சரி என்றால், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று தனக்குத்தானே நிரூபிக்க வேண்டியிருந்தது. மண்டை காய்ந்தது.

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. 'கடை மூடியிருக்கிறது, ஆகவே கடைக்காரர் ஊரில் இல்லை. இதில் வெளியே சொல்லாமல் உண்மை என்று எடுத்துக்கொண்டது எது?' தங்கை பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நீங்கதான்!"

"எப்படிச் சொல்ற?"

"பக்கம் காணோம்கிறதுதான் எனக்குத் தெரிஞ்சது. எனக்கு ஆகாதவங்கதான் எடுத்தாங்கன்னு நானா சேத்துக்கிட்டேன். கெடுக்க நினைச்சா புத்தகத்தையே தூக்கியிருப்பாங்களே! மூடிக்குக் கட்டிலப் புரட்டுற நீங்க, இதுக்கு ஒரு தலையணையக்கூடத் தூக்கிப் பாக்கல. இருக்கிற இடம் தெரிஞ்சவங்கதான் தேட மாட்டாங்க."

"மாட்டுனியா!" என்று அண்ணன் கைதட்டினான்.

அண்ணி சிரித்துவிட்டாள். "பாதிக் கேள்வி படிக்கிறதுக்குள்ள உன் கை பின்பக்கம் ஓடுது. எதிர்ல உக்காந்து தினம் பாக்குறேனே! சொன்னா கேட்டியா? அதான் அறுத்தேன்." துணி அலமாரியிலிருந்து பக்கங்களை எடுத்து நீட்டினாள்.

தங்கை கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள். "நாளைக்குத் தேர்வு முடியட்டும். நீங்களே வச்சுக்கங்க." அடுத்த நிமிஷமே தோழியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் மதிப்பெண் வந்தது: இருபத்து மூன்று. சந்தோஷத்தில் அண்ணியைத் தூக்கியே விட்டாள். அதன் பிறகுதான் அறுத்த பக்கங்களைப் பிரித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வீடே அதிர்ந்தது.

"அண்ணி! அந்தக் கடைக் கேள்விக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற விடை தப்பு! நீங்களும் அண்ணனும் உக்காருங்க, நிரூபிக்கிறேன்!"

இருவரும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் வாதாடி, அச்சடித்த விடையைத் தோற்கடித்த பிறகுதான் அவர்களை எழுந்திருக்க விட்டாள்.