நாலரை மணிக்கு ஒரு உத்தரவு

சர்வதேசம் செத்துக் கிடந்தது.

தேசங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வக்கீல் வட்டாரத்தில் அந்த மனிதருக்கு அதுதான் பெயர். இரண்டு நாட்டுக் கம்பெனிகள் முட்டிக்கொண்டால், கோர்ட்டுக்குப் போகாமல் இவரை நடுவராக உட்கார வைப்பார்கள். இவர் தும்மினால்கூட மேற்கோள் காட்டுவார்கள்.

இப்போது மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார்.

பின்மண்டையில் வெட்டு. பக்கத்தில், வாழ்நாள் சாதனைக்காகக் கொடுத்த கண்ணாடிக் கோபுரம்.

இன்ஸ்பெக்டர் கையுறையோடு அதைத் தூக்கிப் பார்த்தார்.

"சாதனை நல்ல கனம்தான்."

சிரிக்க ஆளில்லை. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மருமகன். மாமனார் சிபாரிசில் போன மாதம்தான் அவரும் நடுவராகியிருந்தார். ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டே, மறு கண்ணால் மாமனாரின் நாற்காலியை அளந்துகொண்டிருந்தார்.

இன்னொருவர் செயலாளர். ஐம்பதைத் தொடும் பெண், அவரும் வக்கீல்தான். பத்தொன்பது வருடமாக சர்வதேசத்தின் கோப்புகளைச் சுமப்பவர். காலை எட்டு மணிக்கு உடலைப் பார்த்து போன் செய்ததும் அவரே.

நேற்று மதியம் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். வாசல் கதவு அட்டையைத் தேய்த்தால்தான் திறக்கும். அதன் பதிவில், மருமகன் மூன்று மணிக்கு வெளியே போயிருந்தார். அதுவரை ஊரின் மறுகோடியில் ஒரு விசாரணையில், நாற்பது பேர் கண்ணெதிரே இருந்த செயலாளர், நாலு மணிக்கு உள்ளே வந்திருந்தார்.

வேறு ஈ, காக்கை இல்லை.

மருமகன்தான் அதை நீட்டினார். ஒரு வழக்கில், சர்வதேசத்தின் மெயிலிலிருந்து நேற்று நாலரைக்குப் போன உத்தரவு. பதினாலு பக்கம்.

"நாலரை வரைக்கும் மாமா உயிரோட இருந்திருக்காரு சார். பாருங்க... அவர் நடை. வேற எவனாலயும் இப்படி எழுத முடியாது."

ஆக... செயலாளர்!

ஸ்டேஷனில் அவரை எதிரே உட்கார வைத்தபோது, காரணமும் கைக்கு வந்திருந்தது. நடுவர் பதவிக்கு அவர் பெயரும் போயிருக்கிறது. சர்வதேசம் ஒரே கடிதத்தில் ஊதி அணைத்திருக்கிறார்.

"'சுயமா ஒரு பத்தி எழுதத் தெரியாது'ன்னு உங்களைப் பத்தி எழுதியிருக்காரு. கோபம் வந்துச்சா?"

"வந்துச்சு சார். அந்த லெட்டரையும் என்னைத்தான் எழுதச் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் டீயை இறக்கி வைத்தார்.

"நேத்து நாலரைக்கு அந்த ஆபீஸ்ல உயிரோட இருந்தது நீங்களும் அவரும்தான், மேடம். தூக்குக்கயிறு பக்கத்துல நிக்கறீங்க."

"அந்த உத்தரவை யார் எழுதினதுன்னு கேளுங்க."

"அவருதானே?"

"கேள்வியா கேளுங்க சார். எழுத்துல பதிவாகட்டும்."

விசித்திரமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டே கேட்டார். கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார்.

"நான்தான் எழுதினேன். நான்தான் அனுப்பினேன். அவர் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. அவர் உயிரோட இருந்தாரான்னு எதுக்குப் பார்க்கணும்? என் வேலைக்கு அது தேவைப்பட்டதே இல்ல."

"இதுக்கு முன்னாடி?"

"அறுபத்திரண்டு தீர்ப்பு. முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நான். கையெழுத்து மட்டும் அவரு."

வெளியே பெஞ்சில் இருந்த மருமகன் உள்ளே பாய்ந்தார். அந்த வாக்குமூலத்தைக் கிழித்துப் போடச் சொல்லிக் கெஞ்சினார். இது வெளியே தெரிந்தால் தோற்ற கம்பெனி அத்தனையும் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கிளம்பும், மாமாவின் பெயர் நாறிவிடும், தன் பிழைப்பும் போய்விடும் என்றார்.

"ஏன்யா ரத்தாகணும்? யார் எழுதினா என்ன?"

"நடுவரைக் கம்பெனிக்காரங்க ஆளைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கறாங்க சார். பெரிய டாக்டர்னு நம்பி மயக்க ஊசி போட்டுக்கிட்டவனை, கம்பவுண்டர் அறுத்த மாதிரி!"

"கம்பவுண்டர் இல்ல தம்பி," என்றார் செயலாளர். "டாக்டர்தான். போர்டுல பேர் இல்ல, அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டருக்கு இன்னொன்றும் உறைத்தது. நாலரைக்கு சர்வதேசம் உயிரோடிருந்ததற்கு இனி அத்தாட்சி இல்லை. அப்படியென்றால், மூன்று மணிக்கு வெளியே போனவர்...

"மாப்பிள்ளை சார். அந்த நாற்காலியை விடுங்க. இதுல உக்காருங்க."

செயலாளர் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, தான் சொன்னதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ரசித்துப் போட்டார்.

மூன்றாம் நாள், பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு இன்ஸ்பெக்டர் செயலாளரின் வீட்டுக்கே வந்தார். சோபாவில் விரித்திருந்த பேப்பரில், பதினோரு கம்பெனிகள் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனு போட்ட செய்தி.

"மருமகனை விட்டுட்டோம். கொலையே நடக்கல. இரண்டரைக்கு மாரடைப்பு. அடி விழுந்தது செத்து இரண்டு மணி நேரம் கழிச்சு."

செயலாளர் காபியை நீட்டினார்.

"நாலு மணிக்கு உள்ள வந்தது நீங்க. செத்துக் கிடந்தவரை ஏம்மா அடிச்சீங்க?"

"நடுவர் ரூம்ல நடந்ததை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் சார். சட்டம் கேட்டா மட்டும் சொல்லலாம். பத்தொம்பது வருஷமா யாரும் கேக்கல. மாரடைப்புல போனவர் வீட்டுக்கு மாலைதான் வரும், போலீஸ் வராது, கேள்வியும் வராது."

இன்ஸ்பெக்டர் காபியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"பிணத்தை அடிச்சதுக்கும் கேஸ் உண்டு, தெரியுமா?"

"அதிகபட்சம் ஒரு வருஷம். படிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் அடிச்சேன்."