ஃபேன் பாக்ஸுக்குள் அடைத்தது

ஒயர் இழுக்கப் பைப்புக்குள் விட்ட ஸ்பிரிங் கம்பி ஈரமாகத் திரும்பி வந்தது.

முபின் ஸ்டூலின் மேல் நின்றபடியே அதை விரலால் வழித்துப் பார்த்தான். தளம் போட்டு ஐந்து மாதமாகிறது. மாடியில் கால் வைக்க முடியாத வெயில். கூரைக்குள் புதைந்த பைப்பிலிருந்து தூசி வரலாம், சிமெண்ட் பொடி வரலாம், எறும்பு வரலாம். இது தண்ணீர்கூட இல்லை. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் அறுபடாமல் இழையாக நீண்டது. மோந்தான். கெட்ட பாலும் பச்சை ரத்தமும் கலந்த கவிச்சி மூக்கில் ஏற, விரலைச் சட்டையில் துடைத்தான்.

"வந்துச்சாங்க?" பக்கத்து அறையிலிருந்து பர்சானா கேட்டாள்.

"இன்னும் இல்ல. நீ நிக்காத, உக்காரு."

"நான் உக்காந்துனுதான் இருக்கேன். உங்க புள்ளதான் உள்ள எகிறினு இருக்குது."

வேங்கிக்கால் புது மனைகளில் கன்னியம்மாள் கட்டிய வீடு அது. நாளை விடிகாலையில் பால் காய்ச்சிக் குடிபுகுகிறார்கள். எல்லா அறைக்கும் ஒயர் இழுத்தாயிற்று, ஹால் ஃபேனுக்கு மட்டும் பாக்கி. கூரையில் இருக்கும் பாக்ஸிலிருந்து ஒருவர் ஸ்பிரிங்கைத் தள்ள வேண்டும். அது அடுத்த அறையின் சுவிட்சு பாக்ஸில் எட்டிப் பார்த்ததும், அங்கே ஒருவர் அதன் நுனியில் ஒயரைக் கட்டிவிட வேண்டும். கூட வேலை செய்கிற ஆள் கீழ்பென்னாத்தூரில் கல்யாணம் என்று போய்விட்டான். ஐந்து மாத வயிற்றோடு பர்சானா கிளம்பி வந்தாள். இரண்டு முறை கலைந்து, இனிமேல் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு தங்கிய பிள்ளை. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். "நாற்காலில உக்காந்து ஒயர் கட்றதுல என்ன கொறஞ்சிடப் போவுது" என்றுவிட்டாள்.

இந்த ஒரு லைனைக் கடைசி நாள் வரை அவன் தள்ளிப்போட்ட காரணம் அவளுக்குத் தெரியாது.

தளம் போடும் அன்று, கான்கிரீட் உள்ளே இறங்காதபடி பைப் வாயிலும் பாக்ஸிலும் காகிதம் திணித்து வைப்பது வழக்கம். அன்றைக்குக் காகிதம் தீர்ந்துபோனது. ஹால் பாக்ஸ் ஒன்றுதான் திறந்து கிடந்தது. மிக்சர் உறுமிக்கொண்டிருந்தது. கலவைச் சட்டிகள் வரிசையாக மேலேறி வந்தன.

"யோவ் கரண்டு, அடைக்கிறியா, இல்ல ஒந்தலைமேல கொட்டட்டுமா?" என்றார் மேஸ்திரி சுப்பன். சட்டி தூக்கியவர்கள் சிரித்தார்கள்.

பக்கத்து ஆலமரத்தின் கிளை ஒன்று தளத்துக்கு மேலே நீண்டிருந்தது. அதில் ஒரு சாக்கு மூட்டை தொங்கியது. முதல் நாள் கன்று போட்ட கன்னியம்மாள் வீட்டு மாட்டின் நஞ்சுக்கொடி. வைக்கோலோடு கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிடுவார்கள். நாய் வாய் படாமல் அது அங்கேயே காய்ந்தால்தான் மாட்டின் மடி வற்றாது. முபினுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கயிற்றை அறுத்தான். சாக்கை மட்டும் கிழித்தெடுத்து அடைக்க நினைத்தான், அதற்குள் சட்டி தலைக்கு மேல் வந்துவிட்டது. கொழகொழவென்று இருந்ததை வைக்கோலும் ஈயுமாக அப்படியே பாக்ஸுக்குள் அமுக்கினான். மேலே கான்கிரீட் விழுந்தது.

மூன்று நாள் சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறியது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றான். அந்த மாதம்தான் பர்சானாவுக்குப் பிள்ளை தங்கியது.

இன்று பாக்ஸைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை. நக்கி எடுத்தது போல் சுத்தமாக இருந்தது.

கன்னியம்மாள் டீ கொண்டுவந்தாள்.

"இந்த மாடு பண்ற கூத்தப் பாத்தியாப்பா? எந்தப் பாவியோ கொடி மூட்டைய அறுத்துட்டான். மூணாம் நாளு கன்னு செத்துச்சு. அதுலேர்ந்து சொட்டுப் பாலு கெடையாது. எந்நேரமும் இந்தச் செவுத்த நக்கினு நிக்குது. நாக்கெல்லாம் புண்ணு."

"சிமெண்ட்ல உப்பு இருக்கும்மா."

"உப்பா? அப்ப காலைல வந்ததும் உங்கைய நக்குச்சே, நீயும் சிமெண்டா?" சிரித்துக்கொண்டே போனாள்.

டீயின் மேல் ஆடை கட்டி மிதந்தது. அவன் அதைத் தொடவில்லை.

வெளிச்சுவரில் நாக்கு உரசும் சத்தம் கேட்டது. சர். சர். ஜன்னலில் மலை மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு லைன் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை மறுபடி உள்ளே விட்டான். முதல் தடவை முட்டி முட்டி நின்றது, இப்போது தள்ளாமலே போனது. வழுக்கிக்கொண்டு, விழுங்கப்படுவது போல.

"வந்துச்சா?" முபின் கேட்டான்.

"வரலியே."

அடுத்த அறைக்குப் பதினைந்து அடி. முப்பதடி ஸ்பிரிங்கில் ஒரு சாண்தான் அவன் கையில் மிச்சமிருந்தது.

"ஆங், புடிச்சிட்டேன்," என்றாள் பர்சானா. பிறகு, "ஏங்க, இது ஸ்பிரிங் மாரி இல்லியே. மெத்துனு இருக்கு. சூடா இருக்கு."

"விட்டுடு. கைய எடு பர்சானா."

"எடுத்துட்டேன்."

ஆனால் மறுமுனையில் யாரோ பிடித்திருந்தார்கள். முபின் இழுத்தான். ஓரடி கம்பி வந்தது. அதன் பிறகு வந்தது கம்பியில்லை. வெளிர்நீலம். விரல் தடிமன். முறுக்கு முறுக்காக, மேலே சிவப்பு நரம்பு ஓட. உள்ளங்கையில் வழவழவென்று நெளிந்தது.

துடித்தது.

சுவரில் நாக்கு சத்தம் நின்றுவிட்டது. வெளியே மாடு, கன்றைக் கூப்பிடும் அடிக்குரலில் ஒருமுறை கத்தியது.

"ஏங்க."

"என்னம்மா?"

"இழுக்காதீங்க."

"நான் இழுக்கல."

"அடிவயித்துல இழுக்குதுங்க."

சட்டென்று பிடியைத் தளர்த்தினான். அது விறுவிறுவென்று கூரைக்குள் ஏறியது. அடுத்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலி தரையைப் பிறாண்டிக்கொண்டு சுவரை நோக்கி நகர்ந்தது. பர்சானா வீறிட்டாள். எட்டி மறுபடி பிடித்தான். நாற்காலி நின்றது.

இழுக்கக் கூடாது. விடவும் கூடாது. இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, அசையாமல் ஸ்டூலின் மேல் நின்றான். துடிப்பு அவன் மணிக்கட்டில் அடித்தது. சின்னத் துடிப்பு. வேகமான துடிப்பு. போன வாரம் ஸ்கேன் அறையில் கேட்ட அதே வேகம்.

மேலிருந்து ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. வெதுவெதுப்பு. கெட்டியான சீம்பால்.

அண்ணாந்தான்.

பாக்ஸின் இருட்டிலிருந்து ஒரு நாக்கு இறங்கியது. சாம்பல் நிறம், சொரசொரப்பு, நுனியெல்லாம் புண். அது அவன் விரல்களைக் கண்டுபிடித்து, அப்போதுதான் பிறந்த கன்றை நக்குவது போல, பொறுமையாக, ஆசையாக, நக்கத் தொடங்கியது.

எச்சிலில் பிடி வழுக்கியது.

அடுத்த அறையில் நாற்காலி இன்னும் ஒரு சாண் நகர்ந்தது.