பூத்துணி சுற்றிய குண்டு

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஓர் அக்டோபர் சனிக்கிழமை, வெண்டல் டாக்கெட் தன் மனைவி டெல்ஃபியாவோடு அந்த மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தான். குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணித்துச் சுடுகிற பழங்காலத் துப்பாக்கிகள்மீது பைத்தியமாக இருப்பவர்கள் கிழக்குக் கென்டக்கியில் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் ஆண்டுக்கொருமுறை கூடுவது இந்தப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில்தான். உள்ளே கால் வைத்தாலே ஆளிவிதை எண்ணெயும் ஈரக் கம்பளிக் கோட்டும் வறுத்த பன்றியிறைச்சியும் கலந்து மூக்கில் ஏறும். வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை. அடுத்தவன் மேசையைப் பார்த்து வயிறெரியவே வருகிறார்கள்.

இந்த ஆண்டு மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப்போகிறவன் வெண்டல். அவன் தோளில் இருந்தது ஆசா டாக்கெட் தன் கையால் செய்த நீளத்துப்பாக்கி. ஆசா அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன். வரிவரியாக மின்னும் மேப்பிள் கட்டை, கன்னம் பதிகிற இடத்தில் ஒரு வெள்ளி நட்சத்திரம். பெரியப்பா மகன் ரூஃபஸ் இந்த வசந்தத்தில் செத்துப்போனதால் அது வெண்டலுக்கு வந்தது.

ரூஃபஸின் மனைவி ஐவலீயைக் கொன்றதும் இதே துப்பாக்கிதான். அவன் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது.

"காலியாத்தான் இருந்துச்சுடா," என்று சாகும்வரை சொன்னான் ரூஃபஸ். "தீக்கல்லுகூட மாட்டல. கல்லைக் கவ்வற குதிரை தானாப் பின்னால போச்சு. ரெண்டு தட்டு கேட்டுச்சு. மொதத் தட்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல அவ பேரைச் சொல்லத்தான் எனக்கு நேரம் இருந்துச்சு."

ஊர் நம்பவில்லை. குடித்துவிட்டுத் துடைத்திருப்பான் என்றது. வெண்டலும் அப்படித்தான் நினைத்தான்.

வாசலில் நின்றான் பர்ல், வெண்டலின் பள்ளிக்காலத் தோழன். உள்ளே போகிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அவன் சோதனை உண்டு. நீண்ட திணிகோலைக் குழலுக்குள் நழுவவிடுவான். காலி என்றால் கோல் அடி இரும்பில் மோதி 'டிங்' என்று பாடும். அதன் முனை வாயோடு சமமாக நிற்கும்.

வெண்டலின் துப்பாக்கிக்குள் கோலை விட்டான்.

தொப்.

கோல் ஒரு கையகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏன்டா டாக்கெட், கண்காட்சிக்கு வந்தியா, எங்களைச் சுட வந்தியா?"

"காலையில நானே பார்த்தேன்டா. டிங்குன்னு கேட்டுச்சு."

"எல்லாப் பயலும் அதைத்தான் சொல்றான். கல்லறையில பாதிப் பேரு காலித் துப்பாக்கியால செத்தவங்கதான்." சொன்ன பிறகுதான் ஐவலீ நினைவுக்கு வந்து பர்ல் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இருவரும் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார்கள். கோலின் நுனியில் திருகாணி மாட்டி, ஈயத்தில் முறுக்கி இழுத்தார்கள். குண்டு, குழலில் இறுக்கமாக உட்கார அதைச் சுற்றியிருந்த துணியோடு வெளியே வந்தது. பல ஆண்டு உள்ளே கிடந்த துணி என்றால் பழுப்பேறித் தொட்டால் உதிரும். இது மொடமொடப்பாக இருந்தது. சோப்பு மணம்கூடப் போகவில்லை. நீலத்தில் வெள்ளைப் பூ.

குழலைக் கவிழ்த்ததும் கருமருந்து சரசரவென்று கொட்டியது. பர்ல் தீக்குச்சியைக் காட்ட, புஸ்ஸென்று எழும்பி எரிந்து கந்தக நெடி பரப்பியது.

"நேத்துப் போட்ட மருந்துடா இது."

வெண்டல் அதைக் கேட்கவில்லை. அந்தத் துணியை அவன் அன்று காலையில்தான் இஸ்திரிப் பலகையில் பார்த்திருந்தான்.

கூடத்தில் டெல்ஃபியா ஆப்பிள் பணியாரம் தின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எந்திரி."

"தின்ன விடமாட்டியே! என்ன?"

அவள் நீலக் கவுனின் கீழ்விளிம்பில் வட்டமாக ஓர் ஓட்டை. வெண்டல் குனிந்து கையிலிருந்த துணியை அதில் வைத்துப் பார்த்தான்.

பூவோடு பூ சேர்ந்தது. காம்போடு காம்பு.

"எலி கடிச்சிருக்கும்," என்றாள் டெல்ஃபியா.

கத்தியால் வெட்டியதைப் போல இருந்தது அந்த விளிம்பு. வெண்டல் துணியைப் பைக்குள் திணித்தான். வாய் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை.

பர்லிடம் மட்டும் சொன்னான். பர்ல் வழக்கம்போலக் கிண்டல் செய்யவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போற வழியில பாலத்துல நிறுத்து. ஆத்துல வீசு. திரும்பிப் பார்க்காம போ."

"ஆசா செஞ்சதுல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்டா."

"டெல்ஃபியாவும் ஒண்ணுதான்டா."

வெண்டல் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். சில நேரம் அது பயத்தையும் அறிவதில்லை. அவனுக்கு வேறொரு வழி தோன்றியது. புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் மருந்து போட மறந்து வெறும் குண்டை அடிவரை திணித்துவிடுவது உண்டு. அந்தக் குண்டைப் பிடுங்கும்வரை துப்பாக்கி வெறும் தடி. மேலே எவ்வளவு மருந்தைக் கொட்டினாலும் அடியிலிருக்கும் பொறி அதை எட்டாது. ஊரே சிரிக்கிற அந்தத் தவறை வெண்டல் வேண்டுமென்றே செய்தான். தன் சட்டையின் வால்பக்கத்தில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, அதில் குண்டைப் பொதிந்து, மருந்தே இல்லாமல் அடிவரை இடித்து இறக்கினான்.

"இனி இது செத்த பாம்பு. வாயில என் துணியக் குடுத்துட்டேன். எடுக்கணும்னா என்னை எடுக்கட்டும்."

"பாம்புகிட்டப் போயி பேரம் பேசறியே," என்றான் பர்ல்.

சாயங்காலம் ஆசாவின் துப்பாக்கிக்கு முதல் பரிசான நீல நாடா கிடைத்தது. ஆட்கள் வரிசையில் நின்று வெள்ளி நட்சத்திரத்தைத் தடவினார்கள். வெண்டல் பூரித்துப்போனான். காலையில் கண்ட ஓட்டை, கண்ட கனவு மாதிரி தூரமாகப் போயிருந்தது.

பொழுது சாய்கையில் கிளம்பினார்கள். வண்டியில் இருக்கைக்குப் பின்னால், தலைமட்டத்தில், துப்பாக்கி மாட்டும் சட்டம் இருந்தது. அதில் அதைக் கிடத்தினான். தீக்கல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். டெல்ஃபியா கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாலம் வந்தது. கீழே மழைத்தண்ணீர் இரைந்தது. வெண்டலின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"ஏன் நிறுத்தற?"

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில், துப்பாக்கியில் கட்டிய நீல நாடா ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்று வண்டியைக் கிளப்பினான்.

பாலம் பின்னால் போய் மறைந்தது. ஹீட்டரின் சூட்டில் வண்டிக்குள் மெல்ல ஒரு வாடை பரவியது.

கந்தகம்.

வெண்டல் ஒரு கையால் சட்டையின் வாலைத் துழாவினான். வெட்டிய ஓட்டையைத் தேடினான்.

ஓட்டை இல்லை.

இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. சட்டை முழுசாக இருந்தது.

"அப்பப்பா, என்னமா வேர்க்குது," என்று டெல்ஃபியா கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.

நீலத்தில் வெள்ளைப் பூ. இடது மார்புக்கு மேலே, வட்டமாக, புதிதாக ஓர் ஓட்டை. காலையில் அது அங்கே இல்லை.

தலைக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு தட்டு கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்று டெல்ஃபியா திரும்பினாள்.

ரூஃபஸ் பொய் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்லத்தான் நேரம் இருந்தது.

வெண்டல் சொன்னான்.